அழித்தால் கிழியாத தாள்



உங்கள் வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால், அதன் புத்தகப் பையைத் திறந்து ஒரு புது நோட்டை எடுத்து மூக்கருகே வைத்துப் பாருங்கள். தாளும் மையும் கலந்த வாசனை வரும். அந்த வாசனை உங்களுக்குப் பள்ளிக்கூடத்தை நினைவூட்டலாம். எனக்கு அது தானா ராத்தா கடைத்தெருவையும், மாலை நேரத்து மூடுபனியையும், ஒரு தாய் கேட்ட கேள்வியையும் நினைவூட்டுகிறது.

எழுதுபொருள் என்றால் நம்மில் பலருக்கு அற்பச் சாமான்தான். அரிசி, பருப்பு, மீன், மண்ணெண்ணெய் எல்லாம் வாங்கிய பிறகு மிச்சக் காசில் வாங்குவது நோட்டும் பென்சிலும். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியிருந்தேன். பதினாறாம் வயதில் ஒரு கடையில் வேலைக்கு நின்றேன். அங்கேதான் என் எண்ணம் மாறியது. அந்தக் கதையையும், என்னைப் போலவே கடைப் பையனாக இருந்து உலகத்துக்கே விளக்கேற்றிய ஒருவரின் கதையையும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கூடையா, கடையா?

நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அம்மா கொழுந்து எடுத்தார். அப்பா கவ்வாத்து வெட்டினார். 1975-ஆம் ஆண்டு இறுதியில் எல்.சி.இ. தேர்வு எழுதினேன். தேர்ச்சி பெறவில்லை. முடிவு தெரிந்த அன்று வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும். இரவுச் சோறு முடிந்த பிறகு அப்பா கேட்டார்:

“இனிமே என்ன செய்யப் போற? கூடை தூக்கறியா, கடைக்குப் போறியா?”

“கடைக்குப் போறேன்பா” என்றேன்.

மறு வாரமே தானா ராத்தாவில் ஒரு தமிழர் கடையில் சேர்ந்தேன். முன்பக்கம் பத்திரிகைகளும் எழுதுபொருள்களும். பின்பக்கம் கொஞ்சம் மளிகை. கடைக்கார முதலாளி இளம் வயதில் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தவர். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, கணக்குப் புத்தகத்துக்கு மேலாக நம்மைப் பார்ப்பார். அதிகம் பேச மாட்டார்.

முதல் நாள் எனக்கு அவர் கொடுத்த வேலை பென்சில் எண்ணுவது. ஒரு பெட்டியில் பன்னிரண்டு. பன்னிரண்டு பெட்டி ஒரு குரோசு. ஆக நூற்று நாற்பத்து நான்கு. பிறகு தாள். ஐந்நூறு தாள் ஒரு ரீம். எண்ணி முடித்ததும், “இதையெல்லாம் விக்கறதுக்கு முன்னாடி தொட்டுப் பழகு தம்பி. தொட்டுப் பாக்காதவன் வியாபாரம் பண்ணக் கூடாது” என்றார். அதைப் பெரிய உபதேசமாக நான் அன்று எடுத்துக்கொள்ளவில்லை. கை வலித்தது; அவ்வளவுதான்.

மூடுபனி கற்றுக்கொடுத்த பாடம்

கேமரன் மலைவாசிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழே தாப்பாவில் வெயில் கொளுத்தும்போது, இங்கே பிற்பகலிலேயே பனி இறங்கிவிடும். துவைத்துப் போட்ட சட்டை இரண்டு நாளானாலும் காயாது. துணிக்கு வரும் கேடு தாளுக்கும் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். ஒரு மாலை கடையின் பக்கச் சன்னலை மூட மறந்து வீட்டுக்குப் போய்விட்டேன். சன்னலோரம் புதிதாக வந்த கடித உறைகள் கட்டுக் கட்டாக இருந்தன. மறுநாள் காலை வந்து பார்த்தால், உறைகளின் வாய் எல்லாம் தாமாகவே ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன! ஒன்றைப் பிரித்தேன், கிழிந்தது. இன்னொன்றைப் பிரித்தேன்; அதுவும் கிழிந்தது. என் சம்பளமே போய்விட்டது என்று கண் கலங்கி நின்றேன்.

முதலாளி வந்தார். பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுப்பில் கெண்டி வைத்துத் தண்ணீர் கொதிக்க வைத்தார். கெண்டி மூக்கில் வரும் ஆவியில் ஓர் உறையைக் காட்டி, மெதுவாக விரலால் நெம்பினார். வாய் கிழியாமல் திறந்தது. “பிசினுக்கு ஈரம்தான் சாவி. ஈரம் பட்டா ஒட்டும். இன்னும் கொஞ்சம் ஈரமும் சூடும் பட்டா விட்டுடும். உக்காந்து எல்லாத்தையும் பிரி” என்றார். அன்று முழுவதும் ஆவி பிடித்தேன். பாதிக்கு மேல் காப்பாற்றிவிட்டோம். சற்றே நெளிந்து போனவற்றை விலை குறைத்து விற்றோம். என் சம்பளத்தில் அவர் கை வைக்கவில்லை.

அதன் பிறகு உறைகளையும் அஞ்சல் தலைகளையும் பிஸ்கட் தகரத்தில் போட்டு, உள்ளே வறுத்த அரிசியைச் சிறு துணிப்பையில் கட்டி வைப்பது என் பொறுப்பாயிற்று. அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சில நாளுக்கு ஒருமுறை அதை மறுபடி வறுத்துப் போட வேண்டும். உங்கள் வீட்டிலும் பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் போன்றவற்றை இப்படி வைக்கலாம். பத்திரம் பூஞ்சை பிடித்த பிறகு பெட்டியை வெயிலில் காய வைத்துப் பயனில்லை.

அந்த ஒரு நாள் விபத்தில் எனக்கு ஒரு புது ஆசை பிறந்தது. தாள் ஏன் நமத்துப் போகிறது? மை ஏன் சில தாளில் ஊறுகிறது, சிலதில் ஊறுவதில்லை? கேள்விகள் வர வர, கடை எனக்குப் பள்ளிக்கூடமாகிவிட்டது.

ஒரு தாயின் கேள்வி

ஒரு சம்பள நாள். கடையில் நல்ல கூட்டம். கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றார். கூட்டம் குறையும்வரை பொறுத்திருந்து, மெல்லக் கேட்டார்:

“தம்பி, அழிச்சா கிழியாத நோட்டு எது?”

எனக்கு விளங்கவில்லை. “எதுக்கும்மா?” என்றேன்.

“எம் பொண்ணு மூணாவது படிக்குது. பென்சில்ல எழுதி, வாத்தியார் பாத்ததுக்கப்புறம் அழிச்சிட்டு, திருப்பி அதிலயே எழுதும். போன நோட்டு ரெண்டாந்தரம் அழிக்கறப்பவே பிஞ்சி போச்சு. காசு சேத்துக் கொண்டாந்திருக்கேன். நல்லதா ஒண்ணு குடு.”

ஒரு நோட்டை இரண்டு நோட்டாகப் பயன்படுத்தும் குடும்பம் அது. 1975-ஆம் ஆண்டு அரசாங்கம் பாடநூல் இரவல் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. பாடப் புத்தகம் இரவலாகக் கிடைத்தது. எழுதும் நோட்டு கிடைக்கவில்லை. அதை அவரவர்தான் வாங்க வேண்டும்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. தினமும் நோட்டு விற்கிறேன். எந்த நோட்டு அழித்தால் கிழியாது என்று தெரியவில்லை! முதலாளியைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்தார். நான்கு வகை நோட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றின் கடைசித் தாளிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டார், அழித்தார், அதே இடத்தில் மறுபடி கோடு போட்டார், அழித்தார். ஐந்தாவது முறை இரண்டு நோட்டுகளில் தாள் பஞ்சு போலக் கிளம்பியது. ஒன்றில் மெலிந்தது. ஒன்றில் அப்படியே இருந்தது. அதை அந்த அம்மாவிடம் கொடுத்தார். அட்டைகூடக் கவர்ச்சியாக இல்லாத நோட்டு அது.

அந்த அம்மா போன பிறகு அவர் எனக்கு விளக்கிய விவரத்தை உங்களுக்கும் சொல்கிறேன். மரக்கூழின் மெல்லிய நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் காய்ந்ததுதான் தாள். அப்படியே விட்டால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மை ஒற்றும் தாள் அந்த வகை. எழுதும் தாளுக்கு மாவுப்பசையோ வேறு பசையோ ஊட்டி, மேல் நார்களைப் படிய வைக்கிறார்கள். பசை நன்றாக ஏறிய தாளில் மை ஊறாது. அழித்தாலும் நார் கிளம்பாது. பசை குறைந்த தாள் பார்வைக்கு வெள்ளையாக இருந்தாலும் இரண்டாம் முறை அழிக்கும்போது கைவிட்டுவிடும்.

தாளின் கனமும் ஒரு கணக்குத்தான். ‘80 கிராம்’ என்று தாள் கட்டில் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம் என்று பொருள். நாம் இன்று எங்கும் காணும் ஏ4 தாள் 210 மில்லிமீட்டர் அகலமும் 297 மில்லிமீட்டர் நீளமும் உடையது. பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர். ஆகவே ஒரு தாள் ஐந்து கிராம். ஐந்நூறு தாள் கொண்ட ஒரு கட்டு இரண்டரைக் கிலோ. தராசு இருந்தால் ஏமாற முடியாது!

அந்த அம்மா சில மாதம் கழித்து மறுபடி வந்து, “அதே நோட்டு குடு தம்பி” என்றார். அவ்வளவுதான் நான் அறிந்தது. பிறகு அந்தக் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது. அந்தச் சிறுமி என்ன படித்தாள், என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இன்றுவரை ஒரு புது நோட்டைக் கையில் எடுத்தால், முதலில் கடைசித் தாளை விரலால் தேய்த்துப் பார்க்கிறேன்.

நம் மரமும் நம் பாலும்

பென்சிலும் அழிரப்பரும் எங்கோ சீமையில் பிறந்த பொருள் என்று நினைத்திருப்பீர்கள். அவற்றில் நம் மண்ணுக்கும் நம் உழைப்புக்கும் பங்கு உண்டு.

பென்சிலின் கரிக்கோல் ஈயம் அல்ல. கிராபைட் என்னும் கனிமம். 1795-இல் பிரான்சு நாட்டின் கோன்டே என்பவர் கிராபைட் தூளைக் களிமண்ணோடு குழைத்துச் சுடும் முறையைக் கண்டுபிடித்தார். களிமண் கூடினால் கோடு கெட்டியாகவும் வெளிறியும் விழும், அது ‘எச்’. கிராபைட் கூடினால் மெத்தென்று கறுப்பாக விழும், அது ‘பி’. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ‘எச்பி’. மேலே இருக்கும் மரக்கூடு? மலேசியக் காடுகளிலும் இந்தோனேசியக் காடுகளிலும் வளரும் ஜெலுத்தோங் மரம் பென்சிலுக்குப் பேர் போனது. மென்மையான மரம், சீவினால் சிலும்பாது.

அழிரப்பரின் கதை இன்னும் சுவையானது. பழங்காலத்தில் பென்சில் எழுத்தை ரொட்டித் துணுக்கால் அழித்தார்கள். 1770-இல் இங்கிலாந்தின் அறிவியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி, ஒருவகை மரப்பால் கட்டி பென்சில் கோட்டை நன்றாக அழிக்கிறது என்று எழுதி வைத்தார். தேய்த்து அழிப்பதால் ஆங்கிலத்தில் அந்தப் பொருளுக்கு ‘ரப்பர்’ என்ற பெயர் ஏற்பட்டது. அதாவது மரத்துக்கே பெயர் கொடுத்தது பிள்ளைகளின் அழிரப்பர்தான்! 1877-இல் அந்த மரத்தின் கன்றுகள் சிங்கப்பூருக்கும் கோலாகங்சாருக்கும் வந்தன. அதன் பிறகு நம் முன்னோர் கொசுக்கடியிலும் காய்ச்சலிலும் பால் வெட்டிய வரலாறு உங்களுக்குத் தெரியும்.

அழிரப்பர் எப்படி அழிக்கிறது? கரித்தூள் தாளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தாளைவிட ரப்பரோடு அதற்கு ஒட்டுதல் அதிகம். தேய்க்கும்போது தூள் ரப்பரில் ஒட்டி, ரப்பர் துகளாக உருண்டு விழுகிறது. மை அப்படியல்ல, நாருக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் மையை அழிக்கப் போனால் தாளும் சேர்ந்து போகிறது. இப்போது பல அழிரப்பர்கள் பிளாஸ்டிக் வகையால் செய்யப்படுகின்றன. வேலை ஒன்றுதான்.

ஊசியும் நூலும் பசையும்

கடையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை புத்தகம் கட்டுவது. அட்டை பிய்ந்த கணக்குப் புத்தகங்களையும் பள்ளிப் புத்தகங்களையும் தோட்டங்களிலிருந்து கொண்டு வருவார்கள். தாள்களை நான்கு நான்காக மடித்து, மடிப்பில் ஊசியால் துளையிட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்து, மைதாப் பசையால் அட்டை ஒட்ட வேண்டும். தாளுக்கும் நார் ஓடும் திசை உண்டு. அந்தத் திசையில் மடித்தால் கத்தி வைத்தாற்போல் மடியும், எதிர்த் திசையில் மடித்தால் முரண்டு பிடிக்கும். இவையெல்லாம் கைக்குத்தான் தெரியும். வாயால் சொல்லி வராது.

மீந்த துண்டுத் தாள்களைத் தைத்து எனக்கென்று ஒரு நோட்டுச் செய்துகொண்டேன். ஒரு மழை நாளில், அட்டை கிழிந்து விற்காமல் போன ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில்தான் மைக்கேல் பாரடே என்ற பெயரை முதன்முதலில் படித்தேன். அவரும் புத்தகம் கட்டும் கடைப் பையன் என்று அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

1791-இல் லண்டனுக்கு அருகே பிறந்தவர் பாரடே. தகப்பனார் நோயாளியான இரும்புக் கொல்லர். வீட்டில் வறுமை. பள்ளிப் படிப்பு எழுதப் படிக்கத் தெரியும் அளவோடு நின்றது. 1804-இல், பதின்மூன்றாம் வயதில், ஜார்ஜ் ரிபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். செய்தித்தாள்களை வீடு வீடாகக் கொடுத்து, படித்த பிறகு திரும்ப வாங்கி வருவதுதான் வேலை. மறு ஆண்டு அவரைப் புத்தகம் கட்டும் தொழில் பழகும் மாணவனாக ரிபோ ஏற்றுக்கொண்டார். தொழில் பழகப் பெற்றோர் பணம் கட்டுவது அக்கால வழக்கம். பையனின் நேர்மையைப் பார்த்து ரிபோ அந்தப் பணத்தை வாங்கவில்லை. ஏழு ஆண்டுகள் பாரடே அங்கே தாள் மடித்தார், நூல் தைத்தார், பசை தடவினார்.

கட்ட வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற பெண்மணி எழுதிய வேதியியல் நூலும் அவரைப் பிடித்துக்கொண்டன. ஊரில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்க ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷில்லிங் கட்டணம். தகப்பனாரைப் போலவே கொல்லு வேலை செய்த அண்ணன் ராபர்ட் அதற்குக் காசு கொடுத்தார். தம்பியின் படிப்புக்குக் கூலிக் காசைப் பிரித்துக் கொடுக்கும் அண்ணன்மார் நம் லயத்து வீடுகளில் எத்தனை பேர்!

1812-இல் ரிபோ கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர், பெரும் விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச் சீட்டுக் கொடுத்தார். பாரடே கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். வீட்டில் அதை அழகிய கையெழுத்தில் விரித்து எழுதி, படங்கள் வரைந்து, முந்நூறு பக்கங்களுக்கு மேல் வந்த அந்த ஏட்டைத் தம் கையாலேயே தைத்து, அட்டை கட்டினார். அந்த ஆண்டு டிசம்பரில் அதை டேவிக்கு அனுப்பி, வேலை கேட்டுக் கடிதமும் எழுதினார்.

டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் உடனே வேலை கொடுத்துவிடவில்லை. “புத்தகம் கட்டும் தொழிலை விட வேண்டாம்” என்னும் கருத்தில் அறிவுரையும் சொல்லி அனுப்பினார். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் இடம் காலியாயிற்று. டேவிக்கு அந்த ஏட்டின் சொந்தக்காரர் நினைவுக்கு வந்தார். 1813 மார்ச் முதல் நாள், வாரம் இருபத்தைந்து ஷில்லிங் சம்பளத்தில் பாரடே வேலையில் அமர்ந்தார்.

1831-ஆம் ஆண்டு அவர் கண்டுபிடித்தது என்ன தெரியுமா? கம்பிச் சுருளுக்கு அருகே காந்தத்தை அசைத்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கிறது என்ற உண்மை. நம் மலை மக்களுக்கு இதை விளக்குவது எளிது. பெர்த்தாம் ஆற்றை மறித்து ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணை கட்டியிருக்கிறார்கள் அல்லவா? அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே பேராக் பக்கம் இறங்கி, ஜோர் மின்நிலையத்தில் சக்கரங்களைச் சுழற்றுகிறது. 1963 முதல் அங்கே பிறக்கும் மின்சாரம், பாரடே கண்ட அதே உண்மையால் பிறப்பது. அந்த விஞ்ஞானியை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது, கடையில் கற்ற கைவேலையால் அவர் கட்டிய ஓர் ஏடு.

இன்னொரு செய்தியும் உண்டு. ரப்பர் பாலின் அடிப்படைப் பொருளை ஆராய்ந்து, அதில் கரியும் நீரகமும் எந்த விகிதத்தில் உள்ளன என்று 1826-இல் கணித்துச் சொன்னவரும் பாரடேதான்!

பெயரும் புகழும் வந்த பிறகும் கடைப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு சோதனையையும் தேதியிட்டு எழுதினார். பத்திகளுக்கு வரிசையாக எண் கொடுத்தார். அந்த எண் பதினாறாயிரத்தைத் தாண்டியது. ஆய்வுக் குறிப்பேடுகளைத் தாமே கட்டி வைத்தார்.

நம்மவர் ஒருவர்

“அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை” என்று சொல்லிவிடாதீர்கள். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுஜனை நினைத்துப் பாருங்கள். தாள் வாங்கக் காசு போதாமல் சிலேட்டில் கணக்குப் போட்டு, துணி தேடும் நேரமும் வீண் என்று முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். நீல மையால் எழுதி முடித்த தாளின் மேல் சிவப்பு மையால் மறுபடி எழுதியதும் உண்டு. நம் கொழுந்துக்கார அம்மாவின் பிள்ளை செய்ததும் அதுதானே! அவர் கடைசிக் காலத்தில் எழுதிய தாள்கள் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து, 1976-இல்தான் ஓர் அமெரிக்கப் பேராசிரியர் கண்ணில் பட்டன. உலகக் கணித அறிஞர்கள் அவற்றை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள்.

எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் மலையே சாட்சி. 1885-இல் இந்த மேட்டு நிலத்தைக் கண்ட வில்லியம் கேமரன், அதை வரைபடத்தில் சரியாகக் குறித்து வைக்கத் தவறினார் என்று சொல்வார்கள். 1920-களில் மறுபடி தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

நான் என்ன ஆனேன்?

நான் விஞ்ஞானியாகவில்லை. அந்தக் கடையில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். இரவில் நானே தைத்த நோட்டுகளில் பாடங்களை எழுதிப் பழகினேன். தனித் தேர்வராகத் தேர்வு எழுதித் தேறினேன். கீழே ஊரில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை தாளோடும் பேனாவோடும் வாழ்ந்தேன். அப்பா அந்தத் தேர்ச்சிச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். உள்ளே வறுத்த அரிசிப் பை இருக்கிறதா என்று அவரே அடிக்கடி திறந்து பார்ப்பார்.

இன்றும் எந்த ஊருக்குப் போனாலும் எழுதுபொருள் கடையைக் கண்டால் என் கால் நின்றுவிடும். “வீட்டில் இருக்கிற நோட்டு போதாதா?” என்று மனைவி சிரிப்பார். போதாதுதான்!

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தேர்வில் தவறிக் கடைக்கு வேலைக்குப் போனால், அதன் படிப்பு செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கையில் என்ன பொருள் இருக்கிறதோ அதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கடைசியாகச் சில யோசனைகள்:

• நோட்டு வாங்கும்போது அட்டைப் படத்தைப் பார்க்காமல் தாளைப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டு, கடைசித் தாளின் மூலையில் பென்சிலால் எழுதி ஐந்து முறை அழித்துப் பாருங்கள். பேனாவால் எழுதி, பின்பக்கம் மை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

• பள்ளி நோட்டு தவிர, பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு நோட்டு கொடுங்கள். பார்த்தது, கேட்டது, வந்த சந்தேகம், எதை வேண்டுமானாலும் அதில் எழுதட்டும். மேலே தேதி போடப் பழக்குங்கள்.

• ஆண்டு முடிவில் பாதி நோட்டுகளை எறியாதீர்கள். எழுதாத தாள்களைப் பிரித்து, ஊசி நூலால் தைத்தால் ஒரு புது நோட்டு கிடைக்கும். பிள்ளையையே தைக்கச் சொல்லுங்கள்.

• மலையில் இருப்பவர்கள் தாளையும் உறையையும் மூடிய தகரத்தில் வையுங்கள். மாலையில் சன்னலை மூட மறக்காதீர்கள். அனுபவப்பட்டவன் சொல்கிறேன்!

அடுத்த சம்பள நாளில் மளிகைச் சிட்டை எழுதும்போது, நோட்டையும் பென்சிலையும் கடைசி வரியில் எழுதாமல் முதல் வரியிலேயே எழுதிப் பாருங்களேன்.